ஏகோபித்த

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பகலிலும் டியூப்லைட் எரியும் எங்கள் கடையில்
அந்த வரிக்கென்று தனியாக ஒரு ஃபைல் உண்டு.
'பொதுமக்களின் ஏகோபித்த விருப்பத்திற்கிணங்க.'
முதலாளி எட்வின்சிங் அதற்கு வைத்த பெயர் பொவி.
ஏழு வருஷத்தில் ஒருநாளும்
நான் அதைப் புதிதாக அடித்ததில்லை.
காப்பி. பேஸ்ட்.

ஆடித் தள்ளுபடி ஆவணியிலும் தொடர்ந்தால் பொவி.
ஐந்தாவது தடவையும் அவரே சங்கத் தலைவரானால் பொவி.
குழித்துறையில் வாவுபலி முடிந்த மறுநாள்
ராட்டினக்காரர் தவசிமுத்து நனைந்தபடி வந்தார்.
இன்னும் மூன்று நாள் நீட்டிப்பு என்று போடச் சொன்னார்.
எட்டு நாளும் மழை.
லாரி வாடகைக்குப் பத்தொன்பதாயிரம் குறைகிறது.

எந்தப் பொதுமக்கள் அண்ணே கேட்டது, என்றேன்.
விரலை மடக்கினார்:
நான், என் சம்சாரம், டிக்கெட் கிழிக்கிற பையன்,
மரணக்கிணற்றில் பைக் ஓட்டுறவன்.
மூணு பேரைத் தாண்டினா பொதுமக்கள்தானே தங்கச்சி?
சரிதான் என்று தோன்றியது.
அவருக்குப் பெரிய எழுத்தில் போட்டுக்கொடுத்தேன்.

குறும்பனைப் பெண்கள் வந்தது புரட்டாசியில்.
நாலு பேர். காலிக் கூடைகளை வாசலில் கவிழ்த்துவிட்டு
உள்ளே வந்ததும் முதலாளி ஃபேனைக் கூட்டினார்.
விடியற்காலை பஸ்சை நிறுத்திவிட்டார்களாம்.
ஆட்டோவுக்குக் கொடுத்தால் மீனில் மிச்சமில்லை.
பஸ்டாண்டில் கட்ட ஒரு ஃபிளெக்ஸ் வேண்டும்,
ஆறுக்கு மூன்று, விலை குறைவாக.

கை தானாகப் போய்ப் பொவியை எடுத்தது.

ரோணிக்கம்மாள் கண்ணாடி போட்டு எழுத்துக்கூட்டினார்.
'விருப்பமா? விருப்பம்ணா பாயாசம் வேணும்ணு சொல்லுகது.
இது பஸ்சாக்கும் பிள்ளே.'
பிறகு, 'இணங்கண்ணா என்ன?'
ஒத்துக்கிட்டு, என்றேன்.
'ஆரு ஒத்துக்கிட்டா?
ஆறு மாசமா டிப்போவுல ஏறி இறங்குகோம்,
ஒருத்தனும் ஒத்துக்கல்லியே.'

எல்லாம் முடிவான பிறகுதான் அந்த வரி வரும்.
கேட்பதற்கு அதில் இடமே கிடையாது.
ஏழு வருஷம் அதன்மேல் கைவைத்திருந்தவளுக்கு
மீன் விற்றுவிட்டு வந்த ஒருத்தி சொல்லவேண்டியிருந்தது.

கடைசிச் சொல்லை அழித்தேன்.
விருப்பத்தையும் அழித்தேன்.
மிச்சத்தை எழுத்துப் பெரிதாக்கி இழுத்தபோது
அகலம் போதாமல் வார்த்தை உடைந்தது.

பொதுமக்களின் ஏ
கோபித்த

சேர்த்துவைக்கப் போன என் கையை
செதிள் ஒட்டிய கை ஒன்று பிடித்தது.
'கெடக்கட்டு.'
மற்ற மூன்று பேரும் குனிந்து படித்தார்கள்.
ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது.
ஒருத்திக்கு வரவில்லை.
'அங்ஙனயே கெடக்கட்டு. கீழே பஸ் நம்பரைப் போடு.'

ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு யாரோ
கடை எண்ணுக்குக் கூப்பிட்டுப் பிழையைச் சொன்னார்கள்.
எட்வின்சிங் என் சம்பளத்தில் இருநூறு பிடித்தார்.
தமிழ் தெரியாதவளை வேலைக்கு வைத்தேனே என்றார்.
நான் தமிழில்தான் பி.ஏ.

நேற்று ஓர் ஆர்டர். இருபது பிரதி, பத்துக்கு எட்டு.
கைகூப்பிய முகம் ஒன்று, ஓரத்தில் சிறியதாக ஒரு பஸ்.
குறும்பனை வழித்தடத்தில் மீண்டும் பேருந்து,
நன்றி, நன்றி.
பஸ் எப்போது வரும் என்று
கொண்டுவந்த பையனுக்குத் தெரியவில்லை.
நன்றி மட்டும் நாளைக் காலைக்குள் வேண்டுமாம்.
மேலே என்ன போட, என்று கேட்டேன்.
'அதான் அக்கா, வழக்கமா போடுவியளே.'

காப்பி செய்யவில்லை.
ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டு வந்தேன்.
ஏ என்ற எழுத்துக்குப் பிறகு
கர்சர் நின்று நின்று எரிந்தது.
பையன் வாசலில் பைக்கை அணைக்காமல் நின்றான்.
ஸ்க்ரீனை அப்படியே விட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.